கால்பந்து: கூப்பரேஜில் ஒரு தஞ்சாவூர்க்காரர்

2018 மார்ச் 10. தஞ்சாவூரில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. இறந்தவருக்கு வயது 40. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ரசிகரிடம் அவர் பெயரைச் சொன்னால் உடனே 'ஜகார்த்தா' என்பார். மும்பை மாதுங்காவிலோ செம்பூரிலோ அதே பெயரைச் சொன்னால், 'சோழ ராஜாதானே?' என்று கேட்கக்கூடும். இத்தனைக்கும் குலோத்துங்கன் மும்பைக்காகவும் ஆடியவர்.

சோழன் குலோத்துங்கன் கலிங்கத்துக்குப் படை அனுப்பியதோடு சரி. இந்தக் குலோத்துங்கன் கலிங்கத்தையும் தாண்டி வங்கத்துக்கே போனார். முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களின் சட்டையையும் போட்டவர். அந்த ஊரில் இது லேசான காரியமல்ல. பிறகு மும்பை எஃப்.சி., விவா கேரளா, மறுபடி கொல்கத்தாவில் பவானிபூர். நடுவில் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கும் ஆடினார். அறுவடைக் காலத்தில் ஊர் விட்டு ஊர் போகும் ஆட்களைப் போல, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலையை முடித்துக் கொடுப்பது அவர் தொழில்.

அவருடைய இடம் நடுக்களம். கோல் அடித்தவர் பெயர் தலைப்பில் வரும். கோலைத் தடுத்தவர் படம் வரும். பின்னால் பந்தைப் பிடுங்கி முன்னால் தள்ளிவிட்டு, 90 நிமிடமும் இரண்டு பக்கமும் ஓடியவர் பெயர் பெரும்பாலும் அணிப் பட்டியலோடு நின்றுவிடும். ஆனால் அவர் சரியில்லாத நாளில் மொத்த அணியும் சரியில்லாமல் போகும். பயிற்சியாளர்களுக்கு இது தெரியும். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு ஊர் ஊராக வேலை கிடைத்ததன் ரகசியமும் இதுதான்.

2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டிக்குச் சுபாஷ் பௌமிக் கூட்டிப்போன ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கன் இருந்தார். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவிடம் தோற்ற அணி, இறுதியாட்டத்தில் அதே பெக் டெரோவை 3-1 என்று கவிழ்த்தது. 1962-ல் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றதும் அதே ஜகார்த்தாவில்தான். அதன்பின் வெளிநாட்டு மண்ணில் இந்தியக் கால்பந்துக்கு இப்படி வாய்த்த நாட்கள் மிகக் குறைவு.

அந்த 1962 அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஓ. சந்திரசேகர், இரிஞ்ஞாலக்குடைக்காரர். அவருக்குச் சோறு போட்டது மும்பையின் கால்டெக்ஸ் எண்ணெய் கம்பெனி. பழைய பம்பாயின் கால்பந்தே இப்படித்தான் நடந்தது. டாட்டா, மபத்லால், ஆர்கே மில்ஸ், ஏர் இந்தியா, ரயில்வே, கஸ்டம்ஸ், வங்கிகள் என்று எல்லோரிடமும் ஓர் அணி இருந்தது. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், ஆட்டம் இருந்தால் கூப்பரேஜ் மைதானம். முழங்கால் போனாலும் மேஜை போகாது. 35 வயதில் பூட்ஸைக் கழற்றியவர் அதே கம்பெனியில் குமாஸ்தாவாகவோ மேற்பார்வையாளராகவோ இருந்து ஓய்வு பெறலாம். தாராவியின் ஓர் அறை வீட்டிலிருந்து பந்தாடக் கிளம்பும் பையனின் வீட்டாருக்கு இதைவிடப் பெரிய கோப்பை வேறென்ன இருந்திருக்க முடியும்?

இந்த ஏற்பாடு இந்தியாவின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். கால்பந்தைப் பிறப்புரிமையாக நினைக்கும் ஸ்காட்லாந்தில் நான்கு பிரிவுகளில் 42 லீக் கிளப்கள் உள்ளன. கீழ் இரண்டு பிரிவுகளில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பகுதிநேர ஆட்டக்காரர்கள். பகலில் குழாய் பழுது பார்ப்பார்கள், செங்கல் அடுக்குவார்கள், பள்ளியில் பாடம் நடத்துவார்கள். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். யாரும் இதைக் கேவலமாக நினைப்பதில்லை. நட்சத்திரமல்லாத ஆட்டக்காரனுக்கு இரண்டாவது சம்பளம் ஒன்று வேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

இங்கே நடந்தது வேறு. 2007-ல் ஐ-லீக் வந்தது, தொழில்முறைக் கால்பந்து என்ற முழக்கத்தோடு. அதே ஆண்டு பிறந்தது மும்பை எஃப்.சி. எஸ்ஸல் குழுமத்தின் பணம், டேவிட் பூத் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர். 2008-ல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. இந்த அணிக்குத்தான் குலோத்துங்கன் ஆடினார். கூப்பரேஜில் செயற்கைப் புல் போடும் வேலை நடந்தபோது அணி தன் 'சொந்த மைதான' ஆட்டங்களைப் புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில்கூடக் கங்கா லீக் கிரிக்கெட்டுக்கு மைதானம் கிடைக்கும் நகரத்தில் கால்பந்துக்கு இந்தக் கதி!

கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. 2005-06-ல் தேசிய லீகையே வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. ஆசியக் கூட்டமைப்பின் கிளப் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று 2013-ல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீகிலிருந்து வெளியேற்றப்பட்டன. விதி சரியாகவே இருக்கலாம். ஆனால் மேஜையோடு கூடிய ஆட்டம் போய், ஒப்பந்தக் காகிதத்தோடு கூடிய ஆட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். அடுத்த ஊர் கூப்பிடாவிட்டால் சொந்த ஊர்.

காகிதத்தில் கையெழுத்துப் போடும் கிளப்பின் ஆயுளும் கெட்டியாக இல்லை. விவா கேரளா 2011-ல் பெயர் மாறி, 2012-ல் மறைந்தது. மும்பை எஃப்.சி. 2017-ல் கடைசி இடத்துக்கு இறங்கி மூடப்பட்டது. ஆக, குலோத்துங்கன் சட்டை போட்ட கிளப்களில் இரண்டு அவருக்கு முன்பே செத்துவிட்டன.

2014-ல் வந்த ஐ.எஸ்.எல்.லில் மும்பை சிட்டிக்கு 2020-21-ல் கோப்பையும் கிடைத்தது. வெளிச்சமும் சம்பளமும் பெரியவை. ஆனால் ஒளிபரப்பு, வணிக உரிமை பற்றிய ஒப்பந்தச் சிக்கலில் 2025 ஜூலையில் அந்த லீகே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்தியது. பெயர் வாங்கிய சிலர் அதையும் சமாளித்துவிடுவார்கள். அணிப் பட்டியலில் ஏழாவது எட்டாவது பெயராக வருபவருக்கு ஒரு மாதச் சம்பளம் நின்றாலே வாடகை நிற்கும்.

ரயில்வே இன்னமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. அறிவிப்பு வந்தால், நல்ல நடுக்கள ஆட்டக்காரர்கள் கிளப் ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.