‘வேணாம் டீச்சர்’

ஐந்தாம் வகுப்பில் ஒரு காலை. வருகைப் பதிவு முடிந்ததும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தியின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினேன். பல ஆண்டுப் பழக்கம். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “வேணாம் டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அன்று மதியம் நான் நடத்தவிருந்தது பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிய பாடம்.

“பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லணும்” என்று மதியம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. காலையில் அவள் அதைத்தானே செய்தாள்? மறுநாள் எல்லோர் முன்னாலும் அவளிடம், “நேத்து நீ சொன்னது சரி. நான் சிரிச்சிருக்கக் கூடாது” என்றேன். படம் ஒட்டி, வீடியோ காட்டி நடத்திய பாடத்தைவிட அது பிள்ளைகளிடம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

தன் எல்லையைக் குழந்தை கற்பது ஆண்டுக்கு ஒருநாள் விழிப்புணர்வு வகுப்பில் அல்ல. “பெரியவங்க சொன்னா கேக்கணும்”, “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று ஆண்டு முழுவதும் பழக்கிவிட்டு, ஒருநாள் மட்டும் ‘மறுத்துப் பேசு’ என்றால் அதற்கு வாய் வராது. தீங்கு செய்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை. 2007-இல் ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்ன குழந்தைகள் பாதிக்கும் மேல். தொல்லை தந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். அந்நியரிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் போதாது.

எங்கள் வகுப்பில் பலன் தந்த விளையாட்டு ஒன்று. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒரு குழந்தையை நடுவில் நிற்க வைப்பேன். இன்னொரு குழந்தை மெதுவாக நடந்து வரும். நடுவில் இருப்பவர் “நில்லு” என்றதும் நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் ஒரு கோடு. தோழி வந்தால் கோடு பக்கத்தில் விழுகிறது. அவ்வளவாகப் பழகாதவர் வந்தால் தள்ளி விழுகிறது. நேற்று சண்டை போட்ட தோழி என்றால் வட்டத்துக்கே வெளியே! கோடு ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாளும் மாறும் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மாணவன் “நில்லு” என்ற பிறகும் சிரித்துக்கொண்டே இரண்டடி உள்ளே வந்தான். திட்டவில்லை. அவனை நடுவில் நிற்க வைத்து, இன்னொருவனை அதேபோல் வரச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மறுக்கக் கற்பிப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. மறுப்பைக் கேட்டதும் நிற்கக் கற்பிப்பது மறுபாதி. பட்டப்பெயர் வைப்பது, கேட்காமல் பையைத் திறப்பது, சடையை இழுப்பது எல்லாவற்றையும் இங்கிருந்தே பேசலாம்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்ற சொற்களை நான் விட்டுவிட்டேன். எல்லாத் தீங்கும் வலிப்பதில்லை. சில குழந்தைகளுக்குக் குழப்பமாக மட்டுமே இருக்கும். ‘கெட்டது’ என்ற சொல் தன்னையே குறிப்பதாகவும் எடுத்துக்கொள்வார்கள். ரகசியம் பற்றியும் பேச வேண்டும். பிறந்தநாள் பரிசை மறைப்பது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று பயமுறுத்தும் ரகசியத்தைக் காப்பாற்றவே தேவையில்லை.

அப்படி ஒரு குழந்தை நம்மிடம் வந்து சொன்னால்? குறுக்கே பேசாமல் கேளுங்கள். “உன் மேல தப்பு இல்ல” என்று சொல்லுங்கள். “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப விசாரிப்பதும் நம் வேலையன்று. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடமே ஆகிவிட்டது பிள்ளைகளுக்கு.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாட்டி கோபமாக வந்தார். “எம் பேரன் எனக்கே முத்தம் குடுக்க மாட்டேங்குறான். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே?” அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. “ஆமாம்மா. உங்ககிட்ட வேணாம்னு சொல்லிப் பழகினாத்தான் நாளைக்கு வேற யார்கிட்டயாவது சொல்ல வாய் வரும்” என்றேன். அவர் சமாதானமாகவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒரு மாதம் கழித்துப் பள்ளி வாசலில் பார்த்தேன். பேரனிடம் குனிந்து, “குடுக்கலாமாடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கன்னத்தைக் காட்டினான்.