பொறியியல் கல்லூரிக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன்



தை பிறந்துவிட்டால் பொறியியல் கல்லூரிகளில் கூட்டங்கள் வரிசை கட்டும். கருத்தரங்கு, சிறப்புரை, மாணவர் செயல்திட்டக் கண்காட்சி, ட்ரோன் செயல்விளக்கம் என்று வாரத்துக்கு ஒரு அழைப்பிதழாவது நம்ம வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துடுது. "போகலாமா சார்? போனா நமக்கு என்ன பிரயோசனம்?" என்று பலர் கேட்கிறார்கள். போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் சும்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு, கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்த காலம். கரிசல்காட்டு விவசாயி ஒருவர் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார். ஏதோ ஒரு கல்லூரிக் கண்காட்சியில் களையெடுக்கும் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறார். "மேடையில பேசினவரு ஒரு நாளைக்கு ரெண்டு ஏக்கர் எடுக்கும்னு சொன்னாரு சார்" என்றார். சிட்டா, அடங்கல், விலைப்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருசம் கழித்துத் தவணை நின்றுபோய் வசூலுக்குப் போனேன். இயந்திரம் மாட்டுக்கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. மாடு ரெண்டும் இல்லை. முதல் தவணைகளைக் கட்ட விற்றுவிட்டாராம். அவர் வீட்டு அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். "மெஷின் மேல குத்தம் இல்ல சார். செவக்காட்டுல நல்லா ஓடுதாம். நம்ம கரிசல்ல ஈரமா இருந்தா மண்ணு அப்பிக்கிடுது, காஞ்சா எறங்க மாட்டேங்குது. நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். எந்த மண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று நானும்தான் கேட்கவில்லை. நான் ஓய்வுபெற்று மண்ணுக்கு வந்து ஒன்பது வருசம் ஆகிறது. அந்த மோர் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அந்த வாசல் நமக்கும் உரியது

பொறியியல் கல்லூரி என்றாலே கணினி, கட்டடம் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கியதே நிலத்துக்காகவும் நீருக்காகவும்தான். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. ரூர்க்கிக் கல்லூரி 1847ல் வந்தது கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் பழக்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியலுக்கென்றே 1972 முதல் தனிக் கல்லூரி நடக்கிறது. திருச்சி மாவட்டம் குமுளூரிலும் ஒன்று உண்டு. தஞ்சாவூரில் முன்பு நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாக இருந்தது இன்று உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி உழவனுக்கு அது உதவவில்லை என்று வெளியே வந்தவர். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் களைக்கொல்லி அடிக்காத நமக்குத்தான் களைக்கருவி மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. தென்னை மட்டையைத் தூளாக்க, குதிரைவாலி உமி நீக்க, மழைநாளில் தானியம் உலர்த்த என்று நம் தேவைகள் நிறைய. நாம் போய்ச் சொல்லாவிட்டால் வேறு யாராவது அவர்களுடைய தேவையைச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள்.

எந்தக் கூட்டத்துக்கு எதற்காகப் போவது?

சிறப்புரை என்றால் ஒருவர் பேசுவார், கடைசியில் பத்து நிமிடம் கேள்வி நேரம். அந்தப் பத்து நிமிடம்தான் நமக்கு. கருத்தரங்கில் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பார்கள், நமக்குப் பாதி புரியாது. தேநீர் இடைவேளையில் அந்தப் பேராசிரியரைப் பிடித்துப் பேசுங்கள். செயல்விளக்கம் என்றால் ஓட்டிக் காட்டுவார்கள். "நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டு கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள்.

நமக்கு ரொம்பப் பயன்படுவது மாணவர் செயல்திட்டக் கண்காட்சி. கடைசி வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு கருவி செய்து வைத்திருப்பார்கள். பொதுவாக இது பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் நடக்கும். ஆனால் தலைப்பை முடிவு செய்வது அதற்குப் பல மாதம் முன்னாலேயே. ஆகவே இந்த வருடம் கண்காட்சியைப் பாருங்கள், துறைத் தலைவரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடி, ஆவணி வாக்கில் மறுபடி போய் நம் சிக்கலைத் தலைப்பாகக் கொடுங்கள். பிள்ளைகள் தலைப்புக்கு அலைகிற நேரம் அது.

கூட்டங்கள் பற்றிய செய்தி கல்லூரி இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் வரும். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலும் கேட்டு வைக்கலாம். பதிவுக் கட்டணம் இருந்தால் உழவர்களுக்கு உண்டா, விலக்கா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள்.

மேடையில் சொல்லும் எண்ணை நாமே சரிபார்ப்பது

இதற்குப் பட்டம் தேவையில்லை. நாலு கணக்கு போதும்.

முதல் கணக்கு, வேகம். களைக்கருவியின் அகலம் 30 செ.மீ. நாம் சேற்றில் தள்ளி நடப்பது மணிக்கு 2 கி.மீ. என்று வைப்போம். 0.3 மீட்டரை 2,000 மீட்டரால் பெருக்கினால் மணிக்கு 600 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். நிற்காமல் ஓடினாலே ஆறே முக்கால் மணி நேரம். திரும்ப, மூச்சு வாங்க, சிக்கிய களையை எடுக்க என்று கால்வாசி நேரம் போனால் ஒன்பது மணி நேரம். இதே கருவிக்கு ஒருவர் "ஒரு நாளைக்கு ரெண்டு ஏக்கர்" என்றால், எத்தனை ஆள், என்ன மண், எத்தனை மணி நேரம் என்று எழுந்து கேட்கலாம்.

இரண்டாவது, உலர்த்தி. "ஒரு டன் நெல்லை இத்தனை மணி நேரத்தில் காயவைக்கும்" என்பார்கள். எந்த ஈரத்திலிருந்து எந்த ஈரத்துக்கு என்று கேளுங்கள். 18 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லில் காய்ந்த பொருள் 820 கிலோ. அது 14 சதவீதத்துக்கு வரும்போது எடை சுமார் 953 கிலோ. போக வேண்டிய தண்ணீர் 47 கிலோ. மழையில் அறுத்த 24 சதவீத நெல் என்றால் காய்ந்த பொருள் 760 கிலோ, கடைசி எடை சுமார் 884 கிலோ. போக வேண்டிய தண்ணீர் 116 கிலோ. அதே ஒரு டன்தான், வேலையோ இரண்டரை மடங்கு. வெயில் நாளில் சோதித்த எண் நம் ஐப்பசி அறுவடைக்கு உதவாது.

மூன்றாவது, ட்ரோன். இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இது பறக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரில் 3 சதவீதம் பஞ்சகவ்யா, அதாவது 6 லிட்டர் கொடுக்கிறோம். ட்ரோன் ஏக்கருக்கு ஏறக்குறைய 10 லிட்டர்தான் தெளிக்கும். அதே 6 லிட்டர் பஞ்சகவ்யா போக வேண்டுமென்றால் கரைசல் 60 சதவீதம் ஆகிவிடும். குழம்பு மாதிரி இருக்கும், நாசில் அடைத்துக்கொள்ளும், இலையும் கருகலாம். 3 சதவீதமே போதும் என்று ஊற்றினால் ஏக்கருக்கு 300 மில்லிதான் போகும். "நுண்ணுயிர்க் கரைசலுக்கு இதை ஓட்டிப் பாத்திருக்கீங்களா? எந்த வடிகட்டி, எந்த நாசில்?" என்று கேளுங்கள். பார்த்திருந்தால் நாமும் கற்றுக்கொள்வோம். பார்க்கவில்லை என்றால் அதுவே அடுத்த வருடத்துக்கு ஒரு நல்ல தலைப்பு.

நான்காவது, பழைய வங்கிக்காரன் கணக்கு. கருவி விலை 60,000 ரூபாய், ஆயுள் பத்து வருடம் என்று வைப்போம். தேய்மானம் வருடத்துக்கு 6,000. சராசரி முதலீடு 30,000க்கு 10 சதவீத வட்டி 3,000. பழுதுக்கு 3,000. மொத்தம் 12,000. டீசலும் ஆள் கூலியும் இதில் சேரவில்லை. நம் காட்டில் வருடத்துக்கு 40 மணி நேரம் ஓடினால் மணிக்கு 300 ரூபாய் அடக்கம். ஐந்து பேர் சேர்ந்து 200 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 60 ரூபாய். வாடகை இதற்கு மேலா, கீழா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடனுக்குப் போங்கள். வேளாண் பொறியியல் துறையில் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். மானியம் இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். மானியம் விலையைத்தான் குறைக்கும், கருவி ஓடும் நேரத்தைக் கூட்டாது.

கையில் என்ன கொண்டுபோவது?

"குதிரைவாலி அரைக்க மெஷின் வேணும்" என்று மட்டும் சொன்னால் பேராசிரியர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது அளவு. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பயிர் என்ன, மண் என்ன, வரிசைக்கு வரிசை எத்தனை அங்குலம்? இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறோம், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், கூலி எவ்வளவு? வருடத்தில் எத்தனை நாள் அந்த வேலை வரும்? ஒருமுனை மின்சாரமா, மும்முனையா? யார் ஓட்டப்போவது? பெண்கள் ஓட்டுவதாக இருந்தால் எவ்வளவு எடை தூக்க முடியும், கைப்பிடி எந்த உயரம்? எவ்வளவு பணம் போட முடியும்?

இதோடு மாதிரியும் வேண்டும். மண் என்றால் ஒரு வாளி கட்டி மண். தானியம் என்றால் ஒரு சாக்கு. பழைய கருவி உடைந்த இடத்தின் படம் போனில் இருக்கட்டும்.

நம்மிடம் யோசனை இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தென்னை ஏறும் கருவியில் பெயர்பெற்ற கேரளத்து கண்ணூர் மாவட்டத்து எம்.ஜே. ஜோசப் என்ற அப்பச்சன் ஒரு விவசாயி. குஜராத் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் உழவுக் கருவி பூட்டியவர். சொந்தமாகச் செய்த கருவி என்றால் எல்லாவற்றையும் விளக்கும் முன் அதன் படத்தையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயரில் பதிவாகும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்த முறை நாங்கள்

எங்கள் குழுவில் ஒரு காலத்தில் பதினெட்டுப் பேர் குதிரைவாலி போட்டோம். போன வருடம் ஏழு பேர். விளைச்சல் குறையவில்லை, விலையும் பரவாயில்லை. அரைக்கத்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு 40 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் அரிசி பாதி குருணையாகிறது. வீட்டில் உரலில் குத்திய பெண்களுக்கு இப்போது தோள் ஒத்துழைப்பதில்லை. இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் எங்கள் பக்கம் விதைக்குக்கூட குதிரைவாலி இருக்காது.

அதனால் வரும் பங்குனியில் பக்கத்துக் கல்லூரிக் கண்காட்சிக்கு ஐந்து பேர் போகிறோம். 20 கிலோ குதிரைவாலி, இரண்டு மில்லில் அரைத்த அரிசியும் குருணையும் தனித்தனியாக நிறுத்த கணக்கு, ஒரு பக்கக் குறிப்பு, எல்லாம் தயார். ஐந்து பேரில் மூன்று பேர் பெண்கள், ஓட்டப்போகிறவர்கள் அவர்கள்தானே. மேலே சொன்ன கரிசல்காட்டு அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். "நான் எதுக்கு சார்?" என்றார். "எந்த மண்ணுல ஓட்டிப் பாத்தீங்கன்னு கேக்க ஒரு ஆள் வேணும்ணே" என்றேன். வர்றேன்னு சொல்லியிருக்கிறார்.

உங்கள் பக்கத்தில் என்ன வேலைக்குக் கருவி இல்லாமல் எந்தப் பயிர் குறைகிறது என்று இதழுக்கு எழுதுங்கள். ஒரே சிக்கல் நாலு ஊரில் இருந்தால், நாலு ஊரும் சேர்ந்து ஒரே கல்லூரிக்குப் போவோம்.