வாணிகக் கணினிகளின் காப்பு

கணினி நச்சுநிரல் உயிருள்ள கிருமியன்று. தீங்கிழைக்கும் நோக்குடன் மனிதர் எழுதிய கட்டளைத் தொகுதியே அது. ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட கணினிகளில் அது கணப்பொழுதிற் பரவும். 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் திகதி பரவிய 'நொட்பெட்யா' இதற்குத் தக்க சான்றாகும். உக்ரேன் நாட்டு வணிகர் கையாண்ட கணக்கியல் மென்பொருளொன்றின் புதுப்பித்தலில் மறைந்து புகுந்த அது, டென்மார்க் நாட்டுக் கப்பற் கம்பனியான மேர்ஸ்க்கின் அலுவல்களையும் முடக்கிற்று. ஏறக்குறைய 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் மீள அமைக்கப்படவேண்டியனவாயின.

அது பயன்படுத்திய விண்டோஸ் குறைபாட்டுக்குரிய திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. ஆயினும், திருத்தம் மட்டும் போதியதன்று. ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களைக் கவர்ந்து, திருத்தம் பெற்ற கணினிகளிலும் அது புகுந்தது. ஆதலின், நிருவாக அதிகாரத்தைச் சிலர்க்கே வழங்கலும், வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்தலும் இன்றியமையாதன.

மேர்ஸ்க்கின் பயனர் விவரங்களைத் தாங்கிய வழங்கிகள் ஒன்றற்கொன்று பிரதியாய் அமைந்தவை. எனினும், யாவும் இணைந்திருந்தமையால் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டிலிருந்த ஒன்று மட்டும் மின்தடையால் அவ்வேளை துண்டிக்கப்பட்டிருந்தமையின் தப்பிற்று. அதனைக்கொண்டே ஏனையவை மீட்கப்பட்டன.

தற்செயலாய் வாய்த்த அப்பிரிவினைத் திட்டமிட்டு அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஒரு பிரதியேனும் வலையமைப்புக்குப் புறம்பே இருத்தல் வேண்டும். அதிலிருந்து தரவுகளை மீட்க இயலுமோ என இடையிடையே சோதித்தலும் வேண்டும்.