வீட்டுப் பட்டறைக்கு மலிவாக இரும்பு வாங்குவது எப்படி?

தோட்டத்து வீடானாலும் பட்டணத்து வீடானாலும் இரும்பு தேவைப்படாத குடும்பம் ஏது? கோழிக் கூண்டுக்கு ஒரு கதவு வேண்டும். துணி காயப் போடக் கம்பம் வேண்டும். குசினியில் பாத்திரம் அடுக்க ஒரு தட்டு வேண்டும். இவற்றைக் கடையில் சொல்லிச் செய்து வாங்கினால், இரும்பின் விலையை விடக் கூலி கூடுதலாகி விடுகிறது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கிய வெள்ளி அதில் கரைந்து போகிறது.

இப்போதெல்லாம் சிறிய வெல்டிங் இயந்திரமும் கிரைண்டரும் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கின்றன. பட்டறையில் வேலை பழகிய பிள்ளை இருக்கும் வீட்டில் "நாமே செய்து கொள்ளலாமே" என்ற ஆசை எழுவது இயற்கை. நல்ல ஆசைதான். ஆனால், இயந்திரத்தை வாங்கி வைத்துக் கொண்டு இரும்பு வாங்கும் இடத்தில் ஏமாறுகிறவர்கள் பலர். மலிவென்று வாங்கியது ஒட்டாமல் போகிறது. சிலருக்கு வம்பையே கொண்டு வந்து விடுகிறது.

ஆகவே, இரும்பு வாங்கப் போகுமுன் மூன்று கேள்விகளை மனத்தில் எழுதிக் கொள்ளுங்கள். இது எத்தனை எடை? இது என்ன இரும்பு? இது யாருடையது? மூன்றுக்கும் பதில் தெரிந்த இரும்புதான் உண்மையில் மலிவான இரும்பு.

எடை தெரிந்தால் விலை தெரியும்

ஆலையும் மொத்த வியாபாரியும் பழைய இரும்புக் கடையும் இரும்பை எடைக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். சில்லறைக் கடையில் மட்டும் "ஒரு கம்பி இத்தனை வெள்ளி" என்று சொல்வார்கள். நீங்களும் எடையைப் போடத் தெரிந்து கொண்டால் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட்டு விடலாம்.

உருட்டுக் கம்பியா? அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்து விடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 12 தரம் 12, அதாவது 144. அதை 162-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.89 கிலோ.

பட்டை இரும்பா? அகலத்தைத் தடிப்பால் பெருக்கி 127-ஆல் வகுங்கள். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் மீட்டருக்கு 0.59 கிலோ. தகடு என்றால், 1 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. அப்படியானால் 4 அடிக்கு 8 அடித் தகடு ஒன்று சுமார் 23 கிலோ இருக்கும். கடைக்காரர் சொல்லும் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு எத்தனை வெள்ளி கேட்கிறார் என்பது அங்கேயே விளங்கி விடும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊரில் வாசல் கேட்டும் சன்னல் கிரில்லும் செய்யும் பட்டறைக்குப் போங்கள். இத்தகைய பட்டறை இல்லாத சிறு பட்டணம் நம் நாட்டில் அரிது. ஒவ்வொரு வேலையிலும் ஓரடி, இரண்டடித் துண்டுகள் மிஞ்சி மூலையில் கிடக்கும். அவை புதிய இரும்பு, துரு இல்லை, என்ன இரும்பு என்பதும் பட்டறைக்காரருக்குத் தெரியும். அவர் எப்படியும் பழைய இரும்பு விலைக்குத்தான் அவற்றைப் போடப் போகிறார். அதை விடச் சற்றுக் கூடுதலாக நீங்கள் கொடுத்தால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். வேலை நெருக்கடியான நேரத்தில் போய் நிற்காதீர்கள். மாலையில் கடை கட்டும் நேரத்தில் போய்ப் பக்குவமாகக் கேளுங்கள்.

நீளமான இரும்பு வேண்டுமென்றால் மொத்த இரும்புக் கடைக்கே போவது நல்லது. சில்லறையாக அறுத்து வாங்குவதை விட முழு நீளம் வாங்குவது மலிவு. ஒரு வீட்டுக்கு முழு நீளம் தேவைப்படாது என்றால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக் கொள்ளுங்கள். கொண்டு வரும் லாரிக் கூலியும் பாதியாகி விடும்.

மூன்றாவது இடம், "பெசி புரோக்" என்று நாம் சொல்லும் பழைய இரும்புக் கடை. அங்கே கிடப்பது குப்பை என்று எண்ணி விடாதீர்கள். நம் நாட்டு ஆலைகள் பல, பழைய இரும்பை மின் உலையில் உருக்கித்தான் புதிய கம்பி செய்கின்றன. அதனால்தான் துருப்பிடித்த துண்டுக்கும் விலை இருக்கிறது. இரும்புக்கும் நம் தோட்டங்களுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலையின் உலை, பால்மரத்தைச் சுட்டு எடுத்த கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது. நம் பெரியவர்கள் பால் வெட்டி ஓய்ந்த மரங்கள் நாட்டுக்குக் கம்பியாகவும் உதவியிருக்கின்றன!

பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது தடித்த சப்பாத்தும் கையுறையும் போட்டுக் கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். தவுக்கேயிடம் முதலில் அனுமதி கேளுங்கள். சில கடைகளில் வெளியாருக்குச் சில்லறையாக விற்க மாட்டார்கள். எடுத்ததை நிறுக்கச் சொல்லி, இரசீது வாங்கிக் கொள்ளுங்கள். மேலாகப் படிந்த செந்துரு பரவாயில்லை; கம்பித் தூரிகைக்குப் போய் விடும். ஏடு ஏடாக உரிந்து வரும் இரும்பை வாங்காதீர்கள். கிலோ விலை புதியதின் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். துருவை எடுக்கக் கிரைண்டர் தட்டும் மின்சாரமும் உங்கள் உழைப்பும் செலவாகுமே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வைஸ், அரம், சுத்தியல் போன்ற கருவிகளுக்குப் பழைய பொருள் சந்தைகள் ஏற்றவை. பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை இதற்கெல்லாம் பேர்போனது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு நினைவிருக்கும் சுங்கை ரோடு சந்தையோ 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்டு விட்டது.

ஒரு பாத்திரத் தட்டின் கணக்கு

குசினிக்கு 3 அடி அகலமும் 1 அடி ஆழமும் கொண்ட மூன்று அடுக்குத் தட்டு செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். உயரம் 4 அடி. 25 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு, 3 மில்லிமீட்டர் தடிப்பு போதும். நான்கு காலுக்கு 16 அடி. ஓர் அடுக்கின் சட்டத்துக்கு 8 அடி வீதம் மூன்று அடுக்குக்கு 24 அடி. மொத்தம் 40 அடி. "20 அடி நீளத்தில் இரண்டு வாங்கினால் சரியாகப் போயிற்று" என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கடையில் "20 அடி" என்று சொல்லும் இரும்பு பெரும்பாலும் 6 மீட்டர் நீளம்தான். 6 மீட்டர் என்பது 19 அடி 8 அங்குலம். போதாததற்கு, ஒவ்வொரு அறுப்பிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பொடியாகிப் போகும். கடைசித் துண்டு குறைந்து நிற்கும். அதற்காக மூன்றாவது நீளம் வாங்க வேண்டி வந்தால் மலிவு எங்கே?

கால்களை 3 அடி 9 அங்குலமாகக் குறைத்து விடுங்கள். பிறகு ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கால், மூன்று 3 அடித் துண்டு, மூன்று 1 அடித் துண்டு அறுங்கள். கூட்டினால் 19 அடி 6 அங்குலம். அறுப்புச் சேதம் போக ஓர் அங்குலம் கூட மிஞ்சும். இரண்டு நீளமும் சேர்ந்து சுமார் 13.5 கிலோ. கடையில் நின்று அளந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். அறுக்குமுன் தாளில் ஒரு படம் போட்டு, துண்டுகளை எழுதிக் கொள்ளுங்கள். ஒரு தாளும் பென்சிலும் ஒரு நீளம் இரும்பை மிச்சப்படுத்தித் தரும்.

என்ன இரும்பு என்று அறிவது எப்படி?

ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. பாத்திரம் செய்யும் எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது, அல்லது இலேசாகத்தான் ஒட்டும். காந்தம் நன்றாகப் பிடித்தால் இரும்பினம் என்று அறியலாம்.

அடுத்தது பொறிச் சோதனை. கண்ணாடி அணிந்து கொண்டு, கிரைண்டரில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சாதாரண இரும்பு நீண்ட மஞ்சள் பொறிகளாகப் பறக்கும். கரியளவு கூடிய எஃகின் பொறிகள் மத்தாப்புப் போல நுனியில் வெடித்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் செந்நிறமாகவும் இருக்கும். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் விரிசல் விடும்.

லாரி ஸ்பிரிங் பட்டையும் பழைய அரமும் கரி கூடிய எஃகு. பாராங்கும் அரிவாளும் அடிக்க ஸ்பிரிங் பட்டை மிகவும் ஏற்றது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் கிடைக்கும். தட்டுக்கும் கேட்டுக்கும் அது வேண்டாம். துளையிட வராது, வெல்டிங் வைத்த ஓரத்தில் படீரென்று முறியும். உழைத்துத் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். வீடு கட்டும் முறுக்குக் கம்பியும் அப்படித்தான். பந்தலுக்கும் வேலிக்கும் உதவும். பாரம் தாங்கும் வெல்டிங் வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்

பழைய டிரம்மை வெட்டி அடுப்புச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டீசலோ எண்ணெயோ சாயமோ இருந்த டிரம், காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும். உயிரே போய் விடும். மருந்து டிரம்மும் ஆகாது. புல்லுக்கு அடித்த பாராகுவாட் மருந்தை மலேசியா 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்து விட்டது. ஆனாலும் எந்தப் பழைய டிரம்மில் எது இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? எரிவாயு சிலிண்டரையும் தொடாதீர்கள்.

பழைய தண்ணீர்க் குழாய்போல நாகம் பூசிய இரும்பை அப்படியே வெல்டிங் செய்தால் வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்துக்குப் பின் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகி விடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒட்டும் இடத்தில் பூச்சை முழுவதும் அரைத்து எடுத்து விட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்யுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பழைய கேட்டில் உள்ள சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதைச் சுரண்டாதீர்கள்.

இது யாருடையது?

மூன்று கேள்விகளில் முக்கியமானது இதுதான். தோட்டத்தில் பழைய புகைக் கொட்டகையின் சட்டங்கள், உடைந்த தள்ளுவண்டிகள், ஓடாத இயந்திரங்கள் எல்லாம் புல் மூடிக் கிடக்கும். "பத்து வருசமாக் கேப்பாரில்லாமக் கிடக்குதே, நாலு துண்டு எடுத்தா என்ன?" என்று கேட்பது நம்மவர்களின் வழக்கம். கேட்பார் இல்லை என்பதால் உடையவர் இல்லை என்று ஆகி விடாது. அது கம்பெனிச் சொத்து. அல்லது ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரரின் சொத்து. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேலை போனால் வீடும் போகும். இருபது கிலோ துருவுக்காக ஒரு குடும்பம் மூட்டை கட்ட வேண்டுமா?

நேர்வழி எளிது. வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கிராணியிடமோ மானேஜரிடமோ கேளுங்கள். விலை சொன்னால் கொடுத்து இரசீது வாங்குங்கள். சும்மா கொடுத்தாலும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் இல்லாமல் ஒரு துண்டையும் நகர்த்தாதீர்கள்.

வெளியில் வாங்கும்போதும் கவனம் தேவை. தண்டவாளத் துண்டு பட்டடைக்கு நன்றாக உதவும். ஆனால் வீடு தேடி வந்து ஒருவர் அதை மலிவாக விற்றால் சந்தேகப்படுங்கள். கால்வாய் மூடி, சாலைப் பலகை, மின்கோபுரத்து ஆங்கிள் ஆகியவையும் அப்படியே. கோபுரத்தின் ஒரு சட்டத்தைக் கழற்றினால் கோபுரமே ஆட்டம் காணும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய பொருள் வாங்கி விற்பவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. லைசென்ஸ் உள்ள கடையில், இரசீதோடு வாங்குங்கள். பட்டடைக்கு, இயந்திரப் பட்டறையில் மிஞ்சிய தடித்த இரும்புக் கட்டி ஒன்று போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வழி

வீட்டில் ஒரு பாத்திரத் தட்டை அளந்து, அறுத்து, ஒட்டி முடித்த பிள்ளை ஒரு தொழிலின் வாசலில் காலை வைத்து விட்டது. அதை அங்கேயே நிறுத்தி விடாதீர்கள். மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் வெல்டிங் கற்று, மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும்தான். சான்றிதழ் கையில் இருந்தால் கைத்தொழில் சம்பளமாக மாறும்.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டுக்கு வேண்டிய ஒரு சாமானின் படத்தைப் போடுங்கள். துண்டுகளை எண்ணுங்கள், எடையைக் கணக்கிடுங்கள். பிறகு, மாலையில் கேட் பட்டறைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.