உலு: பனிநாட்டுப் பெண்களின் கத்தி

வேட்டைக் கத்தி என்றதும் ஆண்களின் இடுப்பில் தொங்கும் நீண்ட, கூரிய கத்திதான் நமது கண்முன் வரும். ஆனால் அலாஸ்கா, வட கனடா, கிறீன்லாந்து ஆகிய பனிப்பிரதேசங்களில் வாழும் இனுயிட் இன மக்களிடம், வேட்டையில் கிடைத்த விலங்கைத் தோலுரிப்பதற்குத் தனியான கத்தி ஒன்று உண்டு. அது பெண்களுக்கே உரியது. அதன் பெயர் 'உலு'. பெண்ணின் கத்தி என்பதே அச்சொல்லின் பொருள்.

உலுவின் அலகு பிறைநிலா போல வளைந்திருக்கும். கூரான முனை முன்னுக்கு நீண்டிருக்காது. அதற்குக் காரணம் உண்டு. சீல் எனப்படும் கடல்நாயின் தோலில்தான் பாதணியும் மேலாடையும் தைப்பார்கள். உரிக்கும்போது ஒரு சிறு துளை விழுந்தாலும் அதன் வழியே நீர் புகுந்துவிடும். அந்தக் குளிரில் ஈரமான பாதணி காலை மட்டுமல்ல, உயிரையும் பறித்துவிடும். வேட்டைக்குப் போன கணவன் உயிரோடு திரும்பி வருவது, வீட்டில் இருந்த பெண்ணின் கைத்திறனிலும் தங்கியிருந்தது. இதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

கைப்பிடி அலகின் நடுவே, அதற்கு நேர் மேலே அமைந்திருக்கும். உள்ளங்கையால் அழுத்தும் பலம் நேராக வெட்டுவாயில் இறங்குவதால் மணிக்கட்டு நோகாது. மற்றக் கை தோலை இழுத்துப் பிடிக்கச் சும்மா இருக்கும். நமது அரிவாள்மனையில் அலகு அசையாது, காயைத்தான் அசைப்போம். இங்கே அலகு தொட்டில்போல ஆடும்.

கையால் உலு செய்பவர்கள் பழைய மரமரியும் வாளின் உருக்குத் தகட்டை விரும்பி எடுக்கிறார்கள். மனைவிக்காகக் கணவனோ, மகளுக்காகத் தந்தையோ செய்து கொடுப்பது வழக்கம். தகட்டில் பிறையை வரைந்து வெட்டி, விளிம்பை அரத்தால் ராவுவார்கள். இயந்திரக் கல்லில் தீட்டினால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி உருக்கின் உறுதி போய்விடும். கைப்பிடிக்குக் கரிபு மானின் கொம்பு, கஸ்தூரி எருதின் கொம்பு, வால்ரஸின் தந்தம் அல்லது மரம். அதில் பள்ளம் வெட்டி, அலகைச் செருகி, துளையிட்டு ஆணி அடித்து இறுக்குவார்கள். கனடாவில் அலகுக்கும் பிடிக்கும் இடையே ஒற்றைத் தண்டு இருக்கும். அலாஸ்காவிலோ நடுப்பகுதியை வெட்டி நீக்கி, இரு பக்கங்களையும் பிடியினுள் செருகுவதுண்டு. தையல் வேலைக்கு 5 சென்ரிமீற்றர் அளவில் சிறியதும், அன்றாட வேலைக்கு 15 சென்ரிமீற்றர் அளவில் பெரியதுமாகச் செய்வார்கள்.

கனடாவிலிருந்து என் தங்கை கொண்டுவந்த உலு ஒன்று எங்கள் குசினியில் இருக்கிறது. உல்லாசப் பயணிகளுக்காகத் தொழிற்சாலையில் வெட்டியது. வல்லாரை அரிய அருமையாக இருக்கிறது. கடல்நாயை உரிக்க அது உதவுமென்று எனக்குத் தோன்றவில்லை.

உருக்கு வருவதற்கு முன் பலகைக்கல்லையும் செம்பையும் தேய்த்தும் தட்டியும் அலகாக்கினர். வடமேற்குக் கிறீன்லாந்தில் வானிலிருந்து விழுந்த விண்கற்களே இரும்புச் சுரங்கம். கருங்கல்லால் இடித்து இடித்துச் சிறு சில்லுகளாகப் பெயர்த்து எடுத்தார்கள். அக்கற்களில் ஏறக்குறைய 3 தொன் நிறையுள்ள ஒன்றுக்குப் 'பெண்' என்றே பெயர். அமெரிக்க ஆய்வுப் பயணி றொபேட் பியரி 1897 அளவில் இந்தக் கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். 31 தொன் நிறையுள்ள மிகப் பெரிய கல்லுடன் 'பெண்'ணும் இன்று நியூயோர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கத்திக்கு இரும்பு கொடுத்த கல்லை எடுத்துப்போக அவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

1983இல் ஐரோப்பிய நாடுகள் வெண்ணிறக் கடல்நாய்க் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தன. இனுயிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடியவர்களல்லர். ஆனாலும் எல்லாக் கடல்நாய்த் தோலின் விலையும் சரிந்தது. உரித்து, கொழுப்பு வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பெண்களின் உழைப்பு விலைபோகவில்லை. 2009இல் வந்த விரிவான தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தார்கள். ஆனால் வாங்குவோர் மனதில் விழுந்த வெறுப்பைச் சட்டத்தில் ஒரு வரி எழுதி நீக்க முடியுமா? 2014இல் இனுயிட் பெண்கள் பலர் கடல்நாய்த் தோலாடை அணிந்து தம்மைத் தாமே படமெடுத்து இணையத்தில் வெளியிட்டார்கள்.