மணி அடிப்பவர் வீழ்ந்துவிட்டால்...



பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கொடைக்கானலுக்குப் பேருந்தில் மலையேறியவர்கள், பழனி மலைச் சரிவுகளில் காட்டுத்தீ எரிவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும், மலை முழுவதும் பரவிவிடும். அப்படியொரு மலைச் சிற்றூரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தீயை முதலில் பார்த்தவர் ஓடிவந்து கோயில்பிள்ளையிடம் சொல்கிறார். அவர் ஆலய மணியை அடிக்கிறார். ஓசை கேட்டதும் சிலர் பச்சைத் தழைகளோடும், சிலர் குடங்களோடும் ஓடுகிறார்கள். தீ அணைகிறது. தீயை அணைத்தது கோயில்பிள்ளை அல்ல. ஆனால் அவர் மணி அடித்திராவிட்டால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

நம் உடலிலும் இப்படி ஒரு மணி அடிப்பவர் இருக்கிறார். எய்ட்ஸ் நோயில் வீழ்த்தப்படுபவர் அவர்தான்.

உடலின் காவலர்கள்

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களே உடலின் காவற்படை. இவற்றுள் பல பிரிவுகள் உண்டு. விழுங்கணுக்கள் உள்ளே நுழையும் கிருமிகளை விழுங்கி, அதன் அடையாளத்தை மற்ற அணுக்களுக்குக் காட்டும். பி அணுக்கள் கிருமியைப் பற்றிப்பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். கொல்லும் டி அணுக்கள், கிருமி குடிபுகுந்த உயிரணுக்களைத் தேடி அழிக்கும். இவை அனைத்தையும் தட்டி எழுப்பி ஒருங்கிணைப்பது 'துணை டி அணு'. அதன் மேற்புறத்தில் சிடி4 என்ற புரதம் இருப்பதால் அதை சிடி4 அணு என்றும் அழைக்கிறார்கள். நலமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும்.

எச்.ஐ.வி. கிருமி அந்தச் சிடி4 புரதத்தையே கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பிறகு தன் மரபுச் செய்தியை நம் அணுவின் மரபுச் செய்திக்குள்ளேயே எழுதிவிடுகிறது. அதன்பின் அந்த அணு நமக்கு உழைப்பதை விட்டு, கிருமியின் பிரதிகளை உருவாக்கும் பட்டறையாகிவிடுகிறது. மருந்து உட்கொள்ளாத ஒருவர் உடலில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோடிக் கிருமிகள் உருவாகின்றன.

கோளாறு எங்கே?

கிருமி நுழைந்த அணுக்கள் மட்டும் இறந்தால் உடல் ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆனால் நடப்பது அதைவிடக் கொடியது. நிணநீர்த் திசுக்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வுகள் ஓர் உண்மையைக் காட்டின. மடியும் சிடி4 அணுக்களில் பெரும்பாலானவற்றில் கிருமியின் தொற்று முழுமை பெறவே இல்லை. பாதியில் நின்றுபோன கிருமியின் துண்டுகளை உணர்ந்து, அந்த அணுக்கள் தாமே வெடித்துச் சாகின்றன. வெடிக்கும்போது அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் வெளியிடுகின்றன. அந்த இடத்துக்கு மேலும் அணுக்கள் ஓடிவருகின்றன. அவையும் மடிகின்றன.

குடல் சுவரிலும் இதே அழிவுதான். தொற்று ஏற்பட்ட முதற்சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 அணுக்களில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. காவல் இழந்த குடல் சுவர் வழியாக நுண்கிருமிகளின் துகள்கள் இரத்தத்தில் கசிகின்றன. அதனால் எச்சரிக்கை மணி இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கிறது. ஓயாமல் மணி ஒலிக்கும் ஊரில் என்ன ஆகும்? முதலில் எல்லாரும் ஓடிவருவார்கள். பிறகு களைத்துப் போவார்கள். கடைசியில் உண்மையாகவே தீப்பிடிக்கும்போது ஒருவரும் எழமாட்டார்கள். எய்ட்ஸ் நோயாளியின் உடலில் கொல்லும் டி அணுக்கள் இப்படித்தான் சோர்ந்து செயலிழக்கின்றன. பி அணுக்களும் பயனற்ற எதிர்ப்பொருள்களை மிகுதியாகச் சுரந்து, தேவையானதைச் செய்யத் தவறுகின்றன.

சிகிச்சை இல்லாவிட்டால் பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகளில் சிடி4 எண்ணிக்கை 200க்கும் கீழே இறங்கும். அந்த நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். அப்போது காசநோய் முந்திக்கொள்கிறது. நம் நாட்டில் ஏராளமானோரின் நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. விழுங்கணுக்கள் அதைச் சுற்றி வேலி கட்டி அடைத்து வைத்திருக்கின்றன. அந்த வேலிக்குத் தொடர்ந்து வலுவூட்டுவது சிடி4 அணு. அது குறைந்தால் வேலி சரிகிறது. மலைக்குளிரில் வந்த இருமல் என்று நாம் தள்ளிப்போடும் இருமலின் பின்னால் சில நேரங்களில் இந்தக் கதை இருக்கலாம்.

சென்னையில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் இக்கிருமி முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பெண்களுக்குத் தொற்று உறுதியானது. அந்நாளில் மருந்து இல்லை. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004 ஏப்ரல் முதல் நம் அரசு அதை இலவசமாக வழங்கிவருகிறது. இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். கிருமியின் அச்சுவேலையை மருந்து நிறுத்திவிடுவதால் சிடி4 அணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியாக அது துணைவருக்குப் பரவுவதில்லை. கருவுற்ற தாய் முறையாக மருந்து உட்கொண்டால் குழந்தையையும் பெரும்பாலும் காத்துவிடலாம்.

பிறகு ஏன் மருந்தை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும்? ஏனெனில் சில சிடி4 அணுக்கள் கிருமியின் எழுத்தைத் தமக்குள் வைத்துக்கொண்டே உறங்குகின்றன. உறங்கும் அணுவை இன்றைய மருந்துகள் தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால், சாம்பலுக்கடியில் கிடந்த கங்கு போல, பொதுவாகச் சில வாரங்களில் கிருமி மீண்டும் மூண்டுவிடும்.

நம் பங்கு என்ன?

மாத்திரையை ஒருவர் ஏன் நிறுத்துகிறார்? பல நேரங்களில் மறதியால் அல்ல, வெட்கத்தால். பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஒரு தோட்டத் தொழிலாளியை எண்ணிப்பாருங்கள். எந்தப் பேருந்தில் யார் எங்கே போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த சிற்றூர் அது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் மருந்து வாங்க மலையிறங்குகிறார். "அடிக்கடி எங்கே போறீங்க?" என்று கேட்கும் ஒரு வாய், வீட்டில் மாத்திரைப் புட்டியைத் துருவிப் பார்க்கும் ஒரு கண், இவை போதும். அடுத்த மாதம் அவர் போகமாட்டார். சிடி4 அணு மீண்டும் சரியும்.

எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒதுக்குவது, 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் வீட்டுத் திண்ணைக்கு வருவதில்லை. அங்கே நாம்தான் இருக்கிறோம். ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஆலயத்தில் ஒரே பலகையில் அமர்வதாலோ இக்கிருமி பரவாது. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு, தொட அஞ்சுவதற்குக் காரணமே இல்லை.

எனவே அன்பியக் கூட்டங்களில் இந்நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். விடாத இருமலும் உடல் மெலிவும் உள்ளவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வோம். யாருக்கு என்ன நோய் என்று தெரியவந்தாலும் அதை நம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வோம். உடலுக்குள் வீழ்ந்த கோயில்பிள்ளையை மருந்து எழுப்பிவிடும். அந்த மருந்தைத் தேடி ஒருவர் தலைநிமிர்ந்து மலையிறங்கவும், நலமுடன் மலையேறவும் வழிவிடுவது நம் கையில் இருக்கிறது.