பேரிங் கேட்கும் காது

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரில் ராம்கோவின் சிமென்ட் ஆலை 1997-இல் உற்பத்தியைத் தொடங்கியது. செந்துறைப் பக்கம் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் காரணம். கல்லை வெடி வைத்து எடுத்து, அரைத்து, கில்னில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்தால் கிளிங்கர். ஜிப்சம் சேர்த்து அதை அரைத்தால் சிமென்ட். சொல்வதற்கு இரண்டு வரிதான். ஆனால் சுரங்கத்தில் வெடி வைப்பவரை லேபில் உட்கார வைக்க முடியாது. கன்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேரம் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் இருப்பது தனிச் சுபாவம். துறுதுறுவென்று இருப்பவருக்கு அது தண்டனை.

எந்த ஆலையிலும் ஒரு பழைய ஃபிட்டர் இருப்பார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "இன்னும் ரெண்டு நாள் தாங்கும் சார், அதுக்குள்ள மாத்திடலாம்" என்பார். சொன்னபடியே நடக்கும். வேறோர் ஊரில் இப்படிப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நன்றாக வேலை செய்கிறார் என்று சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மறுநாளிலிருந்து அவர் கையில் ஷிப்ட் பட்டியலும் லீவு லெட்டரும். யாருக்கும் லீவு மறுக்கத் தெரியாத மனிதர். ஆலை ஒரு நல்ல காதை இழந்தது. சுமாரான சூப்பர்வைசர் ஒருவர் கிடைத்தார். சம்பளத்தை ஏற்றியிருக்கலாம், பழகுவதற்கு இரண்டு பையன்களைக் கூட விட்டிருக்கலாம். மரியாதை என்றால் நாற்காலிதான் என்று நினைப்பது நம் ஊர் வியாதி.

ஆளறிந்து வேலை கொடுப்பது என்றதும் மேடையில் திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தைக் காட்டுவார்கள். எனக்கு அரியலூர் ரயில் விபத்துதான் ஞாபகம் வரும். 1956 நவம்பரில் வெள்ளம் மருதையாற்றுப் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று விலகினார். அந்த விலகலைப் பாடப் புத்தகம் வரை கொண்டுபோய்விட்டோம். எட்டு ஆண்டு கழித்து, பிரதமரானதும் அவர் செய்த ஓர் இடமாற்றம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

1964-இல் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. உணவுத் துறை என்றாலே அரசியல்வாதிகள் ஒதுங்கிப் போவார்கள். சாஸ்திரி, எஃகுத் துறையில் கம்பீரமாக இருந்த சி.சுப்பிரமணியத்தை (சி.எஸ்.) அங்கே மாற்றினார். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம், படித்தது இயற்பியல், பிறகு சட்டம். மண்ணும் தெரியும், விஞ்ஞானி பேசினால் விளங்கும்.

சி.எஸ்-ஸை சாஸ்திரிக்கு முன்பே சரியாக எடைபோட்டவர் காமராஜர். 1954-இல் முதலமைச்சர் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற அவரிடமே நிதியையும் கல்வியையும் கொடுத்தார். சி.எஸ். பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்துக்கும் அமைச்சரவையில் இடம். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது கறாரான கணக்காகவே படுகிறது. பட்ஜெட் போடவும் பள்ளிக்கூடம் திறக்கவும் ஆள் வேண்டும்; அந்த ஆள் எதிர் அணியில் இருந்தால் அங்கிருந்துதான் கூட்டி வர வேண்டும்.

டெல்லியில் சி.எஸ்-ஸும் அதே கணக்கைப் போட்டார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அதுவரை நிர்வாக அதிகாரிகளின் கையில் இருந்தது. கோப்பு நகர்த்தத் தெரிந்தவர்கள். விதை தெரிந்தவர்கள் அவர்களுக்குக் கீழே கைகட்டி நின்றார்கள். 1965-இல் கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி.பால் அதன் தலைமை இயக்குநர் ஆனார். விஞ்ஞானி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. துறைச் செயலாளராக நிர்வாக அதிகாரி பி.சிவராமன், வயலில் எம்.எஸ்.சுவாமிநாதன். நிர்வாகம் தெரிந்தவரை சி.எஸ். துரத்தவில்லை, அவருக்குரிய இடத்தில் வைத்தார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது.

1967 தேர்தலில் சி.எஸ். தோற்றுப்போனார். மறு ஆண்டு நாடு அதுவரை காணாத கோதுமை அறுவடை. 'கோதுமைப் புரட்சி' என்று 1968 ஜூலையில் அரசு தபால்தலை வெளியிட்டபோது, அந்தத் துறையில் வேறொருவர் அமைச்சராக இருந்தார்.